ஜாக்சன் துரையும் கயத்தாறும்

'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் எப்படி என்று சென்னையில் ஒருவரிடம் கேட்டால் சிவாஜியின் நடிப்பைப் பற்றிச் சொல்வார். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் கேட்டால் பேச்சு ஐந்து நிமிடத்தில் சினிமாவை விட்டு வெளியே போய்விடும். ஒருவர் தன் சாதியைச் சொல்வார், ஒருவர் தன் ஊரைச் சொல்வார், ஒருவர் தன் பாட்டனார் சொன்ன கதையைச் சொல்வார். 1959 மே 16 அன்று வெளியான படம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் பற்றிய வழக்கு இங்கே தீரவில்லை.

படம் வந்த காலத்தில் பாஞ்சாலங்குறிச்சி எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. 1986-இல்தான் தூத்துக்குடி தனியாகப் பிரிந்தது. தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வடக்கே உள்ள அந்தக் கரிசல் காடு வேறு உலகம். ஆனாலும் கட்டபொம்மன் இரண்டு பக்கத்துக்கும் பொது. அவர் திருச்செந்தூர் முருகன் பக்தர், அங்கே பூஜை நடக்கும்போது மணியோசை மண்டபம் மண்டபமாகத் தாவி பாஞ்சாலங்குறிச்சி வரை வரும், அதைக் கேட்ட பிறகுதான் சாப்பிடுவார் என்ற கதை கேளாத பிள்ளை இந்தப் பக்கம் இல்லை.

பந்துலு இந்தப் படத்துக்குச் செலவு பார்க்கவில்லை. போர்க் காட்சிகளை ஜெய்ப்பூர்ப் பக்கம் போய் எடுத்தார். லண்டனில் டெக்னிகலர் பிரதி போட்டு வந்த படம். கறுப்பு வெள்ளையே பார்த்துப் பழகிய ஜனங்களுக்குச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு யுத்தம். கூட்டம் அலைமோதியதில் ஆச்சரியம் இல்லை. மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது, இசையமைத்த ஜி. ராமநாதனுக்கும் கிடைத்தது.

படித்தவர்கள் அன்றும் இன்றும் சொல்லும் குறை ஒன்று உண்டு: இது சினிமா இல்லை, நாடகம், ஒரே சத்தம். முதல் பாதி உண்மைதான். சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் 1957 முதல் ஊர் ஊராகப் போட்ட நாடகம் அது. ஆனால் அந்த நாடகத்துக்கும் முன்னால் கூத்து இருந்தது. சிறுவனாகத் திருச்சியில் பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் தம்மை நடிப்புப் பக்கம் இழுத்தது என்று சிவாஜியே சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு ராஜா என்றால் ஊர்க் கோடிக்குக் கேட்கப் பேசுபவர்தான். மெல்லப் பேசுகிற கட்டபொம்மனை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். பாளையங்கோட்டையில் இருந்த நா. வானமாமலை அந்தக் கூத்தையும் கதைப்பாடலையும் பின்னால் பதிப்பித்தார். அவற்றைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

என் கருத்தில், படத்தைக் குறை சொன்னவர்களும் கொண்டாடியவர்களும் இரண்டு காட்சிகளை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒன்று ஜாக்சன் துரை காட்சி. மற்றொன்று கயத்தாற்றில் தூக்குமரக் காட்சி.

ஜாக்சன் காட்சி வசனம் பேசாத பள்ளி ஆண்டு விழா கிடையாது. அட்டை மீசை ஒட்டிக்கொண்டு பையன்கள் கப்பம் தர முடியாது என்று முழங்குவார்கள், கூட்டம் கை தட்டும். ஆவணங்களில் நடந்தது வேறு. 1798-இல் பாக்கி 3310 பகோடா என்று கணக்கு. கலெக்டர் ஜாக்சன் சந்திக்கக் கூப்பிட்டுவிட்டு, குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சுற்றுப்பயணத்தில் அவரை அலைய வைத்தார். இருபத்து மூன்று நாள் பின்னாலேயே போய், செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் பார்க்க முடிந்தது. அங்கே மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். கணக்குப் பார்த்தபோது பெரும்பகுதி கட்டியாகிவிட்டது, மிச்சம் 1080 பகோடாதான். அதாவது, வரி கொடுக்காதவர் அல்ல, கொடுத்தும் அவமானப்பட்டவர். அன்று மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய காரியஸ்தர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு கம்பெனியே விசாரணைக் குழு வைத்தது. ஜாக்சனின் பதவி போய், லஷிங்டன் வந்தார்.

கைதட்டல் வாங்கிய காட்சி கிருஷ்ணசாமியின் பேனாவில் பிறந்தது என்பது தெளிவு. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இருபத்து மூன்று நாள் அலைச்சலும் மூன்று மணி நேர நிற்பும் அந்த முழக்கத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பழகிய நம் ஜனத்துக்கு அது நன்றாகவே புரிந்திருக்கும்.

இனி கயத்தாறு. தூக்குக்குப் போகிற மனிதன் இப்படி நிமிர்ந்து நிற்பானா, இதெல்லாம் சிவாஜியின் மிகை என்று சொல்பவர்கள் உண்டு. மேஜர் பானர்மன் 1799 அக்டோபர் 17 அன்று, அதாவது தூக்கிலிட்ட மறுநாள், மேலிடத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கால்டுவெல் ஐயர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் அதைச் சேர்த்திருக்கிறார். விசாரணை முழுக்கக் கட்டபொம்மன் கலங்கவில்லை, கூடியிருந்த பாளையக்காரர்களை அலட்சியமாகப் பார்த்தார், எட்டயபுரத்தாரைப் பார்த்தபோது கண்ணில் கோபம் இருந்தது, தூக்குமரத்துக்குத் திடமாக நடந்து போனார், இரு பக்கமும் நின்ற பாளையக்காரர்கள் மேல் வெறுப்புடன் பார்வையை வீசினார் என்கிறது அந்தக் கடிதம். வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டாராம். கோட்டையைக் காத்து அங்கேயே சாகாமல் போனோமே என்று வருந்தினாராம். எழுதியவர் தூக்கில் போட்டவர். அவருக்குக் கட்டபொம்மனைப் புகழ வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. ஆக, மிகை என்று சொல்லப்பட்ட காட்சிக்கு எதிரியே சாட்சி.

கட்டபொம்மன் கொள்ளைக்காரர் என்ற கட்சியும் உண்டு. தமிழ்வாணன் அந்தத் தலைப்பிலேயே புத்தகம் போட்டார். ம.பொ.சி. எழுதி எழுதி விடுதலை வீரராக நிறுத்திய ஒருவரை இப்படிச் சொன்னது அந்நாளில் பெரிய சூடு கிளப்பியது. பாளையக்காரர்கள் பக்கத்துக் கிராமங்களில் புகுந்து தண்டல் செய்தது உண்மை. கால்டுவெல் பாளையக்காரர் ஆட்சியே அராஜகம் என்று கருதியவர். அப்படிப்பட்டவர் புத்தகத்தில்தான் பானர்மன் கடிதமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் ஆட்கள் குறைவு.

படத்தால் நிஜமாகவே அடிபட்டது எட்டயபுரம்தான். எட்டப்பன் என்பது ஒரு ஆளின் பெயர் அல்ல, அந்த வம்சத்து ஜமீன்தார் எல்லோருக்கும் பட்டப்பெயர். பாஞ்சாலங்குறிச்சியோடு அவர்களுக்குப் பழைய எல்லைத் தகராறு. கம்பெனிப் பக்கம் நின்றார்கள், பின்னால் நிலமும் பெற்றார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் திருக்களம்பூர்க் காட்டில் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். பழி ஏறியது எட்டப்பன் தலையில். துரோகப் பேச்சு முன்பே உண்டு என்றாலும், வி.கே. ராமசாமி எட்டப்பனாக வந்த பிறகு அந்தப் பெயர் தெருச்சண்டை வசவாகிவிட்டது. உமறுப்புலவர் அடங்கியிருக்கும் ஊர், முத்துசுவாமி தீட்சிதர் கண்மூடிய ஊர், பாரதி பிறந்த ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னோடு வேலை பார்த்தார். சொந்த ஊர் எது என்று கேட்டால் "கோவில்பட்டிப் பக்கம்" என்று மட்டும் சொல்வார்.

அதே மே மாதம் கண்ணதாசன் மருது சகோதரர்களை வைத்து எடுத்த 'சிவகங்கைச் சீமை'யும் வந்தது. கலருக்கு முன்னால் அது நிற்கவில்லை. இன்னொரு மனக்குறை சுந்தரலிங்கத்தைப் பற்றியது. கவர்னகிரி ஊர்க்காரர், தேவேந்திர குலத்தவர், கட்டபொம்மனின் படைத்தளபதி. ஜெமினி கணேசனின் வெள்ளையத்தேவனுக்குக் காளை அடக்குவதும் காதலும் பாட்டும் உண்டு, சுந்தரலிங்கத்துக்குக் கிடைத்த இடம் சிறியது. படத்தில் யாருக்கு எவ்வளவு இடம் என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 1997-ஐ நினைத்துப் பார்க்கட்டும். புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை எதிர்த்துக் கலவரம் வந்து, கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. எங்கள் 'கட்டபொம்மன் பஸ்'ஸும் அதோடு போயிற்று. மாவட்டமும் நெல்லை கட்டபொம்மன் என்பதிலிருந்து வெறும் திருநெல்வேலி ஆயிற்று.

யாரும் சண்டை போடாத விஷயம் ஒன்று எனக்கு உறுத்தும். படத்தில் வரும் கோட்டை. ராஜஸ்தானத்துப் பிரம்மாண்டத்தைப் பார்த்துவிட்டுப் பாஞ்சாலங்குறிச்சி போனவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். 1801-இல் அங்கே சண்டை போட்ட வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி அளவு எழுதி வைத்திருக்கிறார்: சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம், முழுக்க மண் சுவர், சுற்றிலும் முள்வேலி. அவ்வளவுதான். அந்த மண் சுவர் முன்னால்தான் பீரங்கி வைத்திருந்த கம்பெனிப் படை திரும்பத் திரும்பத் தோற்றது.

அந்தப் பெரிய தோல்விகள் நடந்தது படம் முடிந்த பிறகு. கட்டபொம்மன் தூக்கோடு திரை விழுகிறது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2 அன்று தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுந்து நின்றது. மார்ச் 31 அன்று தாக்கிய கம்பெனிப் படை பெருஞ்சேதத்தோடு பின்வாங்கியது. மே 24 வரை கோட்டை விழவில்லை. பந்துலுவும் சிவாஜியும் இதே சீமையில் அடுத்து எடுத்துக்கொண்டது வ.உ.சி. கதை. 1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' அருமையான படம், ஓடவில்லை. ஊமைத்துரை பக்கம் அவர்கள் திரும்பவே இல்லை. பேசாத ஒருவரை வைத்து வசனப்படம் எடுப்பது எப்படி என்று நினைத்தார்களோ என்னவோ.

கோட்டை விழுந்த அன்று காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையின் கதையை எழுதி வைத்ததும் வெல்ஷ்தான். களத்தில் மகனைத் தேடி வந்த ஒரு தாய் அவனைக் குற்றுயிராகக் கண்டாள். என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்றான் மகன். அவள் மகனை அங்கேயே விட்டுவிட்டு ஊமைத்துரையை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தேடி எட்டயபுரத்து ஆட்கள் வந்தபோது அவர்மேல் வெள்ளைத்துணி போர்த்தி, அம்மை கண்டு செத்துப்போனான் என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் கிட்டவே வராமல் ஓடினார்கள். அவர் பிழைத்து, சிவகங்கைக்குப் போய் மருதுகளோடு சேர்ந்து, இன்னும் சில மாதம் போரிட்டார். அந்த நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்துதான் அவரைத் தூக்கிலிட்டார்கள்.