கணிப்பொறியுள் நுழையும் நஞ்சு

பாலகாட்டிலும் சாம்பியன் ரீஃபிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கண்ணுக்குப் புலனாகாத பகை புதியதன்று. சுரங்கத்துப் பாறைத் தூசு மூச்சோடு கலந்து நுரையீரலில் தங்கி, ஆண்டுகள் பல கழிந்த பின்னரே தன் கொடுமையைக் காட்டும். 2001 பிப்ரவரி 28இல் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அத்தொழிலாளரின் மக்களுள் பலர் இன்று நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறிச் சென்று பிழைக்கின்றனர். அவர்களுள் கணிப்பொறிமுன் அமர்ந்து உழைப்போரும் உளர். அங்கும் அத்தகைய பகை ஒன்று உண்டு. அதுவே நச்சுநிரல்.

அது தானே தோன்றும் கிருமியன்று. மனிதன் எழுதிய கட்டளைத் தொகுதியே. 1971இல் அமெரிக்கர் பாப் தாமஸ் இயற்றிய 'கிரீப்பர்' ஒரு பொறியினின்று மற்றொன்றுக்குத் தாவியது. ஆயினும் தீங்கு புரியவில்லை. 1986இல் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' வைரஸ், நெகிழ்தட்டுகளின் வழியே நாடுகள் பல கடந்தது. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணயம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்காது காலம் தாழ்த்தியோரே பெரிதும் இடருற்றனர்.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நச்சுநிரல் புகுந்ததை நடுவண் அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2019 செப்டம்பர் 4இல் தெரிவித்தது. அக்டோபர் 30இல் இந்திய அணுமின் கழகம் அதனை உறுதி செய்தது. நிருவாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணிப்பொறி ஒன்றே பாதிக்கப்பட்டது. ஆலையை இயக்கும் உள்வலை அதனின்று பிரித்து வைக்கப்பட்டிருந்தமையால் பாதிக்கப்படவில்லை என்று கழகம் விளக்கியது. பிரித்து வைத்தலின் பயன் இதனால் விளங்கும்.

நம் கைப்பேசிக்கும் இந்நெறி பொருந்தும். ஊரினின்று வரும் திருமண அழைப்பிதழைக் கண்டால் அயலூரில் வாழும் நம் உள்ளம் மகிழும். அம்மகிழ்ச்சியையே கள்வர் தூண்டிலாக்குகின்றனர். 'ஏபிகே' என முடியும் கோப்பு அழைப்பிதழன்று. கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. அதனைத் திறந்து நிறுவ இசைந்தால், வங்கி அனுப்பும் மறைச்சொல்லும் பிறர் கைப்படக் கூடும். ஆதலின், அனுப்பியவர் உறவினரேயாயினும் அவரிடம் பேசித் தெளிந்த பின்னரே எதனையும் திறத்தல் வேண்டும். திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றலும், இன்றியமையாத ஆவணங்களின் படியைத் தனியே காத்தலும் நலம். பணம் பறிபோயின் நாணிக் காலந்தாழ்த்தாது 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்தல் வேண்டும். விரைந்து அறிவித்தால் பணத்தை இடையிலேயே தடுத்து நிறுத்தவும் கூடும்.

கூரையைத் தட்டிப் பார்த்து, பாறையின் ஓசை கேட்டறிந்த பின்னரே சுரங்கத்துள் அடியெடுத்து வைத்தல் தொழிலாளர் மரபு. அவர்தம் வழிவந்தோர் கைப்பேசியைத் தொடும்போதும் அவ்விழிப்பைக் கைக்கொள்வாராக.