துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும்: 2020-ஆம் ஆண்டு ஆய்வு எதை மறுத்தது?

ஆணின் ஊட்டத்துக்கும் தம்பதியரின் குழந்தைப்பேற்றுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்பது 2020-இல் உறுதியாகிவிட்டதாக ஒரு சாரார் எழுதிவருகின்றனர். அவர்கள் சான்றாகக் காட்டுவது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அவ்வாண்டு வெளிவந்த துத்தநாக–ஃபோலிக் அமில ஆய்வு. அதன் தரத்தில் எனக்கு ஐயமில்லை. அதன் முடிவையும் ஏற்கிறேன். அந்த முடிவிலிருந்து இவர்கள் வருவித்துக்கொள்ளும் கருத்தைத்தான் ஏற்க இயலவில்லை. ஆய்வு மறுத்தது ஒரு மாத்திரையை. உணவைப் பற்றி அது எதையும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் நான்கு நகரங்களில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதியர் இதில் சேர்ந்தனர். ஆண்களில் ஒரு பாதியினர் ஆறு மாதம் நாள்தோறும் 30 மி.கி. துத்தநாகமும் 5 மி.கி. ஃபோலிக் அமிலமும் உட்கொண்டனர், மறுபாதியினருக்கு மருந்துப்போலி. உயிருடன் பிறந்த குழந்தைகளே முதன்மை அளவுகோல்களுள் ஒன்று. மருந்துண்டோர் தரப்பில் 34 விழுக்காடு, மருந்துப்போலித் தரப்பில் 35. வேறுபாட்டின் நம்பக எல்லை 4.7 விழுக்காட்டுப் புள்ளி குறைவிலிருந்து 2.8 புள்ளி மிகுதி வரை. பெரும் பயன் என்ற வாய்ப்பை இவ்வெல்லை அடைத்துவிடுகிறது. விந்தணு எண்ணிக்கை, அசைவு, வடிவம் எதிலும் மேம்பாடில்லை.

இதுவரை சர்ச்சை இல்லை. ஆனால் ஆய்வுக்கு வந்த ஆண்கள் என்ன உண்டு வளர்ந்தவர்கள்? அமெரிக்காவில் 1998 தொடக்கம் முதல் செறிவூட்டப்பட்ட தானிய மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். ரொட்டி உண்ணும் எவருக்கும் அது கிடைத்துக்கொண்டே இருக்கிறது. துத்தநாகத்திலும் இறைச்சி மிகுந்த அந்நாட்டு உணவில் பெரும் பற்றாக்குறை இல்லை. மேலும், சத்துக்குறை உடையவர்கள் என்று யாரும் இரத்தப் பரிசோதனையால் தேர்ந்தெடுக்கப்படவில்லை. நிறைந்த குளத்தில் இன்னும் இரண்டு குடம் ஊற்றிப் பார்த்தது போன்றது இச்சோதனை. மட்டம் உயரவில்லை என்பதால், வறண்ட குளத்துக்கும் நீர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

வறண்ட குளத்தின் சான்று நம்மிடம் முன்பே இருக்கிறது. பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 1950-களின் இறுதி முதல் 1960-களின் தொடக்கம் வரை ஈரானிலும் எகிப்திலும் ஆராய்ந்த இளைஞர்கள், பெரும்பாலும் புளிக்கவைக்காத ரொட்டியை உண்டு வாழ்ந்தவர்கள். அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் துத்தநாகத்தைக் குடலில் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுத்தது. அவர்களுடைய வளர்ச்சி குன்றியிருந்தது; இனப்பெருக்க உறுப்புகளும் வளராமல் நின்றிருந்தன. துத்தநாகம் கொடுத்தபோது இரண்டும் சீரடைந்தன. பின்னர், தன்னார்வலர்களின் உணவில் துத்தநாகத்தைக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளில் டெஸ்டோஸ்டிரோனும் விந்தணு எண்ணிக்கையும் வீழ்ந்தன. இவற்றுக்கும் 2020 ஆய்வுக்கும் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று பற்றாக்குறையை அளந்தது, மற்றது மிகையை.

மிகை என்ற சொல்லை எண்ணித்தான் பயன்படுத்துகிறேன். வயது வந்தோருக்குச் செயற்கை ஃபோலிக் அமிலத்தின் மேல் வரம்பு நாளொன்றுக்கு 1 மி.கி. என அமெரிக்க வல்லுநர் குழுக்களே வகுத்துள்ளன. ஆய்வில் கொடுத்தது அதன் ஐந்து மடங்கு. இந்தப் பின்னணியில்தான், அவ்வறிக்கையில் பலரும் ஒரு வரியில் கடந்துபோகும் எண்ணை நான் பார்க்கிறேன்: விந்தணு டி.என்.ஏ. சிதைவு மருந்துண்டோரிடம் 29.7 விழுக்காடு, மருந்துப்போலி உண்டோரிடம் 27.2. பல அளவீடுகளுள் ஒன்று தற்செயலாக விலகியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், 2015-இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் இதே 5 மி.கி. அளவை ஆறு மாதம் கொடுத்தபோது விந்தணு டி.என்.ஏ.வின் மெத்தில் குறிகள் குறைந்தன. ஃபோலேட் வளர்சிதை மாற்றத்தில் மரபணு வேறுபாடு கொண்டவர்களிடம் அக்குறைவு மிகுந்திருந்தது. இரண்டும் வெவ்வேறு அளவீடுகள். எனினும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இதைப் பயனற்ற மருந்து என்பதோடு நிறுத்துவது போதாது. தீங்கு செய்யக்கூடியது என்ற கோணத்திலும் ஆராய வேண்டும்.

இம்மாத்திரை மரபின் தொடக்கமான 2002 நெதர்லாந்து ஆய்வையும் திரும்பிப் பார்க்க வேண்டும். கருவளம் குறைந்த ஆண்களிடம் இயல்பான விந்தணுக்களின் மொத்த எண்ணிக்கை 74 விழுக்காடு உயர்ந்தது என்ற அதன் முடிவே விற்பனை விளம்பரங்களின் வேர். அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: சிகிச்சைக்கு முன் கருவளம் உடையோருக்கும் குறைந்தோருக்கும் இடையே துத்தநாக, ஃபோலேட் அளவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. குறையை நிரப்பினோம் என்ற விளக்கத்துக்கு அதன் தரவே இடம் தரவில்லை. அது எண்ணியது விந்தணுக்களை, குழந்தைகளை அல்ல.

ஆறு மாதம் போதாது என்பர் சிலர். விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள்; ஆறு மாதத்தில் இரு சுழற்சிகள் முடிந்துவிடும். மனைவியர் பெற்ற சிகிச்சை விளைவை மறைத்திருக்கும் என்பர் வேறு சிலர். குலுக்கல் முறையில் பிரித்த இரு தரப்பிலும் அது இருந்தது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

உணவைக் கேட்ட ஆய்வு வேறு விதமாக அமைந்திருந்தது. மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் ஏறத்தாழ 500 தம்பதியர் கணவன், மனைவி இருவருமாகத் தத்தம் உணவைக் குறித்துவந்தனர். 2018-இல் வெளியான அதன் முடிவு: ஒரு மாதவிடாய்ச் சுழற்சிக்கு எட்டு முறையோ அதற்கு மேலோ மீன் போன்ற கடலுணவை இருவரும் உண்ட இணைகளில் ஓராண்டுக்குள் கருத்தரித்தோர் 92 விழுக்காடு, குறைவாக உண்டோரில் 79. மிகுதியாக உண்ட இணைகளிடையே உடலுறவும் கூடுதலாக இருந்தது என்பதால் காரண–காரியத்தை மீனோடு நிறுத்திவிட முடியாது. ஆனாலும் கேள்வி சரியான இடத்தில் வைக்கப்பட்டது: அளவிடும் அலகு தம்பதி, கேட்பது உணவை, எண்ணுவது கருவுறுதலை.

இந்தியாவில் அடுத்த ஆய்வு நடக்குமானால் அது அமெரிக்க ஆய்வின் நகலாக இருத்தல் கூடாது. அரிசி, பருப்பு, கேழ்வரகு இவற்றை நம்பிய உணவில் ஃபைட்டிக் அமிலம் கணிசமாக உண்டு. இட்லி மாவு புளிக்கும்போதும் பயறு முளைவிடும்போதும் அது குறைகிறது. எனவே இரத்தத் துத்தநாகம் தாழ்ந்த ஆண்களைத் தேர்ந்து, சமையல் முறையையும் பதிந்து, இருவரின் தட்டையும் ஒருங்கே பார்த்து, குழந்தை பிறக்கும் வரை தொடரும் ஆய்வு தேவை. அது வரும்வரை, பரிசோதனையே இல்லாமல் ஆண்களுக்கு 5 மி.கி. ஃபோலிக் அமிலம் எழுதித்தரும் வழக்கத்தை மருத்துவர்கள் நிறுத்திவைக்கலாம். அதற்கான சான்று 2020 முதலே கையில் இருக்கிறது.