டிரினி லோபஸ்

டிரினி லோபஸ் (1937–2020): டெக்சாஸின் டாலஸ் நகரில் மெக்சிக்கப் பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்கப் பாடகர், கிதார் கலைஞர். லாஸ் ஏஞ்சலஸின் 'பிஜேஸ்' இரவு விடுதியில் பாடிவந்தவரை ஃபிராங்க் சினாத்ராவின் ரெப்ரைஸ் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. அந்த விடுதியிலேயே பதிவான 'டிரினி லோபஸ் அட் பிஜேஸ்' (1963) இசைத்தட்டே அவரை உலகறியச் செய்தது. கைதட்டலும் கூட்டம் சேர்ந்து பாடுவதும் அதில் தாளவாத்தியம் போலவே ஒலிக்கின்றன. அந்தத் தட்டில் உள்ள, பீட் சீகரும் லீ ஹேஸும் எழுதிய போராட்டப் பாடலான 'இஃப் ஐ ஹேட் எ ஹேமர்' இவர் குரலில் ஆட்டம்போட வைக்கும் பாட்டாகி, அமெரிக்கத் தரவரிசையில் 3ஆம் இடம் பிடித்தது. பாட்டின் கூர்மை மழுங்கியது என்னவோ உண்மைதான். கூட்டம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஸ்பானிய மொழிப் பாடலான 'லா பாம்பா'வும் அதே தட்டில் உண்டு. அதே ஆண்டில் 'மோர் டிரினி லோபஸ் அட் பிஜேஸ்' வெளிவந்தது. 'தி டர்ட்டி டஸன்' (1967) படத்தில் நடித்தார். கிப்சன் நிறுவனம் இவர் பெயரில் கிதார்கள் தயாரித்தது.