தார்ச்சாலை: ஒரு வழக்குச்சொல்லின் பொருளும் வரலாறும்

பேச்சில் 'தார் ரோடு' என்றும் எழுத்தில் 'தார்ச்சாலை' என்றும் வழங்கும் சொல், இன்று அச்சாலையில் இல்லாத ஒரு பொருளைப் பெயராகக் கொண்டுள்ளது. தார் என்பது மரத்தையோ நிலக்கரியையோ காற்றுப் புகாமல் சூடாக்கிப் பெறுவது. இந்தியச் சாலைகளில் இடப்படுவதோ, கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் எஞ்சும் பிட்டுமன்.

பழந்தமிழில் 'தார்' மாலையையும் முன்னணிப் படையையும் கிளியின் கழுத்துக் கோட்டையும் குறித்தது. வாழைத்தாரும் உண்டு. இவற்றுள் எதனோடும் கரிய பிசுபிசுப்புப் பொருளுக்குத் தொடர்பு காண இயலாது. ஆகவே இது ஆங்கில 'டார்' என்பதன் தமிழ் வடிவமே; மொழிமுதலில் வாராத டகரம் தகரமாயிற்று. அந்த ஆங்கிலச் சொல்லும் 'மரம்' எனப் பொருள்படும் வேரிலிருந்து கிளைத்ததாகவே கருதப்படுகிறது.

புதுமுறைச் சாலைக்கு வழிகாட்டிய ஸ்காட்லாந்தினரான ஜான் லௌடன் மெக்காடம் (1756–1836) தாரைப் பயன்படுத்தவில்லை. நீர் வடியுமாறு உயர்த்திய மண்தளத்தில் சிறு உடைகற்களைப் பரப்பினார்; வண்டிச் சக்கரங்களே அவற்றை இறுக்கின. தமிழில் இதற்கு ஈடானது 'கப்பி ரோடு'. மாவு சலிக்கையில் எஞ்சும் பருநொய்யும் கப்பியே. அடுக்களைச் சொல் சாலைக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்தது வியப்பே. மோட்டார் வண்டிகள் புழுதி கிளப்பத் தொடங்கிய காலத்தில், 1902இல், எட்கர் பர்னெல் ஹூலி இரும்பாலைக் கசடைச் சூடான தாரோடு கலக்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அவ்வணிகப் பெயரான 'டார்மாக்' இன்று ஆங்கிலத்தில், கான்கிரீட்டாலான விமானத் தளத்தையும் குறிக்கிறது. பொருள் போனபின்னும் பெயர் தங்குவது தமிழுக்கு மட்டும் உரியதன்று.

மரக்கலப் பலகை இடுக்குகளில் பூசும் 'கீல்' தமிழில் முன்பே இருந்தது. கரியிலிருந்து 'நிலக்கரி' அமைந்தவாறே கீலிலிருந்து 'நிலக்கீல்' என்ற கலைச்சொல் அமைந்தது. இதுவே துல்லியமானது, எனினும் பாடநூலைக் கடந்து தெருவுக்கு வரவில்லை. 'தார்' அதற்குள் வேரூன்றிவிட்டது. 1952இல் தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகைகளின் இந்தி எழுத்துகளை அழித்த போராட்டத்தால் 'தார் பூசுதல்' அரசியல் வழக்காகவும் ஆயிற்று. ஆதலின் அகராதியாளர் 'தார்' என்பதற்கு நிலக்கரித் தார், சாலைப் பிட்டுமன் என இரு பொருள்களைத் தனித்தனியே தருவதே முறை; பொறியியல் நூலார் பின்னதற்கு நிலக்கீல் என்றே எழுதலாம்.