சிறுவர் மோட்டார் சைக்கிளின் பின்புற அதிர்வுத்தாங்கி

பின்புற அதிர்வுத்தாங்கி என்பது மோட்டார் சைக்கிளின் சட்டகத்தையும் பின்சக்கரத்தையும் இணைத்து, மேடு பள்ளங்களில் ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்கும் உறுப்பாகும். பேச்சு வழக்கில் இது ஷாக் அப்சார்பர் எனப்படுகிறது. சாலையல்லாத மண்பாதைகளில் ஓட்டுவதற்கெனச் சிறுவர்களுக்குத் தயாரிக்கப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்களில் அடிக்கடி பழுதடையும் உறுப்புகளுள் இதுவும் ஒன்று. இதில் முறிவு ஏற்பட்டால், முறிந்த பகுதி எது, முறிந்ததற்கான காரணம் என்ன ஆகிய இரண்டையும் கண்டறிந்த பின்னரே பழுது நீக்க வேண்டும். காரணத்தைக் களையாமல் உறுப்பை மட்டும் மாற்றினால் புதியதும் முறியக்கூடும்.

அமைப்பு

அதிர்வுத்தாங்கியில் இரு முக்கியப் பகுதிகள் உள்ளன.

சுருள்வில்: வண்டியின் எடையையும் ஓட்டுபவரின் எடையையும் தாங்குகிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது அமுங்கி ஆற்றலைச் சேமிக்கிறது.

தணிப்பான்: எண்ணெய் நிரம்பிய உருளையும், அதனுள் நகரும் பிஸ்டனும், பிஸ்டனைத் தாங்கும் எஃகுத் தண்டும் கொண்டது. பிஸ்டனில் உள்ள சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிச் செல்லும்போது இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இதனால் சுருள்வில்லின் ஊசலாட்டம் அடங்குகிறது.

தாங்கியின் கீழ்முனை, பின்சக்கரத்துடன் மேலும் கீழும் அசையும் சுவிங் ஆர்ம் என்னும் கையுடன் இணைக்கப்படுகிறது. மேல்முனை சட்டகத்துடன் இணைக்கப்படுகிறது. இரு முனைகளின் கண்களிலும் ரப்பர் அல்லது உலோகப் புஷ்கள் இருக்கும்.

பின்சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு தாங்கியை அமைப்பதே பழைய வழக்கமாக இருந்தது. பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸ் உருவாக்கிய ஒற்றைத் தாங்கி அமைப்பை யமஹா நிறுவனம் ஏற்றது. அவ்வமைப்புடைய வண்டியில் சுவீடனின் ஹோக்கன் ஆண்டர்சன் 1973ஆம் ஆண்டின் 250 சிசி உலக மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றார். பின்னர் ஒற்றைத் தாங்கி சிறுவர் வண்டிகளுக்கும் பரவியது. 2004ஆம் ஆண்டு மாதிரியாக அறிமுகமான ஹோண்டா சிஆர்எஃப்50எஃப், கவாசாகி கேஎக்ஸ்65 ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

பழுதுக்கான காரணங்கள்

மிகை எடை: சிறுவர் வண்டிகளின் சுருள்வில் குறைந்த எடைக்கே வடிவமைக்கப்படுகிறது. யமஹா பிடபிள்யூ50 வண்டிக்கு 25 கிலோகிராமும், சிஆர்எஃப்50எஃப் வண்டிக்கு 40 கிலோகிராமும் ஓட்டுபவரின் எடை வரம்பாகத் தயாரிப்பாளர்களால் குறிப்பிடப்பட்டுள்ளன. பெரியவர்கள் விளையாட்டாக ஏறி ஓட்டுவதும், குழந்தை வளர்ந்த பின்னரும் அதே வண்டியைப் பயன்படுத்துவதும் இவ்வரம்பை மீறச் செய்கின்றன.

தேய்மானம்: மண்ணும் நீரும் தண்டின் மேற்பரப்பைக் கீறும்போது ஆயில் சீல் கிழிந்து எண்ணெய் கசிகிறது. எண்ணெய் குறைந்தால் தணிப்புக் குறைந்து, தாங்கி தன் எல்லைவரை சென்று மோதுகிறது.

இறுகிய புஷ்: துருப்பிடித்த புஷ் சுழலாதபோது தண்டின் மீது வளைவிசை ஏற்பட்டுத் தண்டு வளைகிறது, அல்லது கண் முறிகிறது.

தளர்ந்த மரையாணி: இணைப்பில் ஆட்டம் ஏற்பட்டு, சட்டகத்தின் பிடிப்பு விரிசலடைகிறது.

பழுதைக் கண்டறிதல்

இருக்கையைக் கையால் அழுத்தி விட்டால், நல்ல தாங்கி சீராக ஒருமுறை எழுந்து நிற்கும். இரண்டு மூன்று முறை குதித்தால் தணிப்பான் செயலிழந்துள்ளது எனலாம். இந்நிலையில் வண்டியை ஓட்டினால், மேட்டைத் தாண்டும்போது பின்சக்கரம் மேலே எறியப்பட்டு, குழந்தை கைப்பிடிக்கு முன்னால் தூக்கி வீசப்படும் அபாயம் உண்டு. தண்டில் எண்ணெய்ப் படிவு, வளைவு, கண்ணில் வெடிப்பு, சுருளில் முறிவு ஆகியவற்றைக் கண்ணால் காணலாம்.

சீரமைப்பதா, மாற்றுவதா?

50 சிசி வகை வண்டிகளின் எளிய தாங்கிகள் பெரும்பாலும் பிரித்துச் சீரமைக்கும்படி வடிவமைக்கப்படாதவை. அவற்றை முழுமையாக மாற்றுவதே முறை. பந்தய வகைத் தாங்கிகளில் சீல், எண்ணெய், புஷ், தண்டு ஆகியவற்றைத் தனித்தனியே மாற்ற இயலும்.

முறிந்த சுருளை வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்துவது தவறாகும். சுருள்வில்லின் விறைப்பு, இயங்கும் சுருள்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமைவது. எட்டுச் சுருள்களில் இரண்டை நீக்கினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும், நீளமும் குறையும்.

முறிந்த தண்டையோ கண்ணையோ வெல்டிங் செய்வதும் தவறாகும். வெப்பம் எஃகின் வலிமையைக் கெடுக்கும். உள்ளே அழுத்தத்தில் வளிமம் இருந்தால் தாங்கி வெடிக்கக்கூடும்.

மாற்றும் முறை

1. இயந்திரத்தின் அடியில் உறுதியான முட்டு வைத்து, பின்சக்கரம் தரையைத் தொடாதவாறு நிறுத்த வேண்டும். முட்டு இல்லாமல் தாங்கியைக் கழற்றினால் வண்டியின் பின்பகுதி சரியும்.
2. தாங்கி பொருத்தப்பட்டுள்ள திசையைக் குறித்துக்கொண்டு, மரையாணிகளைக் கழற்ற வேண்டும்.
3. சுவிங் ஆர்மைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். அது தடையின்றி நகர வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. சட்டகத்தின் பிடிப்புகளில் விரிசல் உள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.
4. வண்டிக்கு உரிய தாங்கியின் இரு கண்களின் மையங்களுக்கு இடைப்பட்ட நீளத்தைப் புதிய தாங்கியுடன் ஒப்பிட வேண்டும். குட்டையான தாங்கி சக்கரத்தை மண்காப்பில் உரசச் செய்யும். நீளமானது வண்டியின் சாய்வை மாற்றும்.
5. புஷ்களுக்கு உரிய மசகிட்டு, கையேடு கூறும் முறுக்குவிசைக்கு மரையாணிகளை இறுக்க வேண்டும்.
6. சங்கிலி உள்ள வண்டியில் சங்கிலியின் தளர்வை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

அமுக்கப்பட்ட சுருள்வில் பெருமளவு ஆற்றலைக் கொண்டிருப்பதால், அதற்குரிய அழுத்துக் கருவியின்றிப் பிரித்தல் ஆகாது. பந்தய வகைத் தாங்கிகளில் எண்ணெய் நுரைக்காதிருக்க நைட்ரசன் வளிமம் அடைக்கப்படுகிறது. பல மாதிரிகளில் இதன் அழுத்தம் சுமார் 10 பார் ஆகும்; இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. இவ்வழுத்தத்தை முழுவதும் வெளியேற்றாமல் மூடியைத் திறந்தால் உள்ளுறுப்புகள் தெறித்துக் காயம் விளைவிக்கும். நைட்ரசனுக்கு மாற்றாக ஆக்சிசனை ஒருபோதும் அடைக்கக்கூடாது. அழுத்தத்திலுள்ள ஆக்சிசன் எண்ணெயுடன் சேர்ந்து தீப்பற்றும். எனவே வளிமத் தாங்கிகளைப் பயிற்சி பெற்ற பணிமனையிடம் ஒப்படைப்பதே சிறந்தது.

எடைக்கேற்பச் சரிசெய்தல்

குழந்தை உரிய பாதுகாப்பு உடைகளுடன் அமரும்போது பின்பகுதி தாழும் அளவு, சக்கரத்தின் மொத்த அசைவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது பொது வழக்கம். எடுத்துக்காட்டாக, அசைவு 240 மி.மீ. எனில் 60 முதல் 80 மி.மீ. வரை தாழலாம். சரிசெய்யும் வளையம் உள்ள தாங்கிகளில் சுருள்வில்லின் முன்னழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ இதை அடையலாம். முன்னழுத்தம் வில்லின் விறைப்பை மாற்றாது. குழந்தையின் எடை கணிசமாகக் கூடியபின் விறைப்பு மிகுந்த சுருள்வில்லோ, பெரிய வண்டியோ தேவைப்படும். ஆகவே பருவத்துக்கு ஒருமுறையேனும் இவ்வளவைச் சோதிப்பது, முறிவைத் தவிர்க்கும் எளிய வழியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

சுருள்வில்
ஊக்கின் விதி
மோட்டோகிராஸ்