அம்மாவைப் பாடலாமா? சூஃப்யான் ஸ்டீவன்ஸின் இசை வாழ்க்கை

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பவர் ஒரு அமெரிக்கப் பாடகர். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பெயர் சூஃப்யான் ஸ்டீவன்ஸ். பெயரைக் கேட்டால் முஸ்லிம் என்று தோன்றும். பாட்டைக் கேட்டால் வேதாகமத்தில் ஊறியவர் என்று தெரியும். 1975 ஜூலை 1 அன்று மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். அப்போது பெற்றோர் சுபுத் என்ற ஆன்மிகக் குழுவில் இருந்தார்கள். ஜாவாவில் தோன்றி, எல்லா மதத்தாரையும் சேர்த்துக்கொண்ட குழு அது. அதன் நிறுவனர் கொடுத்த பெயர்தான் சூஃப்யான். கிறிஸ்தவ நம்பிக்கை பிற்பாடு அவராகத் தேடிக்கொண்டது.

அவருடைய அம்மா கேரிக்கு மனநோய் இருந்தது, போதைப் பழக்கமும் இருந்தது. மகனுக்கு ஒரு வயது இருக்கும்போதே வீட்டைவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் அப்பாவோடு மிச்சிகனில் வளர்ந்தார்கள். பிறகு கேரி லோவெல் பிராம்ஸ் என்பவரை மணந்துகொண்டார். அந்தத் திருமணம் ஐந்து வருடம்தான் நீடித்தது. அந்தக் காலத்தில் மூன்று கோடை விடுமுறைகளுக்குப் பிள்ளைகள் ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்வந்தார்கள். அம்மாவோடு அவருக்குக் கிடைத்த காலம் பெரும்பாலும் அவ்வளவுதான். லோவெல் மட்டும் திருமணம் முறிந்த பிறகும் பிள்ளைகளை விட்டுவிடவில்லை. 1999இல் மாற்றாந்தகப்பனும் மகனும் சேர்ந்து 'அஸ்த்மாட்டிக் கிட்டி' என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பொருள் சொல்வதானால், ஆஸ்துமா வந்த பூனைக்குட்டி. இண்டி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. பெரிய கம்பெனியின் பணம் கிடையாது, அதனால் இப்படிப் பாடு என்று சொல்ல ஆளும் கிடையாது.

இன்டர்லாக்கன் கலைப் பள்ளியில் அவர் படித்தது ஓபோ என்ற குழல் வாத்தியம். பிறகு ஹோப் கல்லூரி. அதன் பிறகு நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் படைப்பெழுத்தில் முதுகலை. கதை எழுதப் படித்தவர் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும். முதல் ஆல்பம் 2000இல் வந்தது. அடுத்தது 2001இல், சீன ராசிச் சக்கரத்தின் விலங்குகளை வைத்து முழுக்க மின்னணு இசையில். இரண்டையும் அவசரமாகக் கடந்துபோகலாம்.

2003இல் வந்த 'மிச்சிகன்' ஆல்பத்தில்தான் கதை சூடுபிடிக்கிறது. கார்த் தொழிற்சாலைகள் மூடி, வேலையிழந்தவர்களின் ஊராகிப்போன ஃப்ளின்ட் நகரத்தைப் பற்றிய பாட்டோடு அது தொடங்குகிறது. அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் ஆளுக்கொரு ஆல்பம் செய்யப்போகிறேன் என்று அப்போது அறிவித்தார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 2005இல் 'இலினாய் (Illinois)' வந்தபோது அது அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஆல்பங்களில் ஒன்று என்று கொண்டாடினார்கள். அட்டையில் சூப்பர்மேன் படத்தைப் போட்டுவிட்டு, உரிமைச் சிக்கல் வருமோ என்று பயந்து அதன்மேல் பலூன் ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கதையும் உண்டு. மூன்றாவது மாநிலம் வரவே இல்லை. 50 மாநிலம் என்பது விளம்பரத்துக்காகச் சொன்ன விளையாட்டு என்று பிற்பாடு அவரே சொல்லிவிட்டார்.

இவருடைய வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் இந்தப் பழக்கம் தெரியும். எப்போதும் ஒரு பெரிய திட்டம் இருக்கும். ராசிகள், மாநிலங்கள், கிறிஸ்துமஸுக்கு இரண்டு பெட்டிகளில் 100 பாடல்கள், நியூயார்க்கின் ஒரு நெடுஞ்சாலைக்கு ஒரு சிம்பொனி, பிறகு நண்பர்களோடு சேர்ந்து கிரகங்கள். இந்தப் பெரிய திட்டங்களுக்குள் சின்னச் சின்ன அறைகள் உண்டு. உண்மையான பாட்டு அங்கேதான் இருக்கும்.

'இலினாய்' ஆல்பத்தில் 'காசிமிர் புலாஸ்கி டே' என்று ஒரு பாட்டு. புலாஸ்கி, அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்டு 1779இல் இறந்த போலந்துக்காரக் குதிரைப்படைத் தளபதி. மார்ச் முதல் திங்களை அவர் பெயரால் இலினாயில் விடுமுறை நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் பாட்டில் தளபதி இல்லை. எலும்புப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணும், அவளை நேசிக்கும் ஒரு பையனும் இருக்கிறார்கள். வேதபாடக் குழு கூடி அவள்மேல் கைவைத்து ஜெபிக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. விடுமுறை நாள் காலையில் அவள் இறந்துபோகிறாள். கடைசியில் பாட்டு கடவுளைத் திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. எடுத்துக்கொள்கிற கடவுளை நேராகப் பார்த்தபடி நின்றுவிடுகிறது.

நான் இங்கே நிறுத்திக் கொஞ்சம் பேச வேண்டும். நம் கன்வென்ஷன் பாட்டுகளில் மூன்றாவது சரணத்துக்குள் கண்ணீர் துடைக்கப்பட்டாக வேண்டும். அமெரிக்காவிலும் நாஷ்வில்லை மையமாகக் கொண்ட கிறிஸ்தவ இசைத்தொழில் பெரும்பாலும் அந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. சூஃப்யான் அந்தத் தொழிலுக்குள் போகவே இல்லை. அவருக்கு முன்மாதிரி வேண்டுமானால் 88ஆம் சங்கீதத்தைச் சொல்வேன். கடைசி வசனம்வரை இருட்டாகவே இருந்து இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. அதை யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. ஆனால் நான் போன எந்தச் சபையிலும் அதைப் பாடிக் கேட்டதில்லை. வார்டில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், ஜெபித்தும் பிழைக்காதவர்களின் வீட்டாருக்கு மூன்றாவது சரணத்தைப் பாட நமக்கு வாய் வராது.

2012 டிசம்பரில் கேரி வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். மகன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் அவரைப் பார்த்தார். அப்போது அம்மா வலி மருந்தின் மயக்கத்தில் இருந்தாலும் இவரை அடையாளம் தெரிந்திருந்தது. 2015 மார்ச் 31 அன்று 'கேரி அண்ட் லோவெல்' வந்தது. இந்த முறை திட்டம் ஏதுமில்லை. மாநிலம் இல்லை, கிரகம் இல்லை, டிரம்ஸ் சத்தம்கூடக் கிட்டத்தட்ட இல்லை. சில பகுதிகளை ஒரு ஹோட்டல் அறையில் ஐபோனில் பதிவு செய்தார். காதருகில் முணுமுணுக்கிற குரல்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆல்பத்தில் அம்மா அதிகம் தென்படவே மாட்டார். பிள்ளைகளை ஒரு வீடியோ கடையில் விட்டுவிட்டுப் போன ஒரு நாள் வருகிறது. யூஜீனில் நீச்சல் சொல்லித்தந்தவர் 'சூஃப்யான்' என்று சொல்ல வாய் வராமல் ஒரு கார் கம்பெனியின் பெயரால் கூப்பிட்டது வருகிறது. (வெளிநாட்டில் தன் பெயரைத் தினமும் தொலைக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) கதை எழுதப் படித்தவர் என்று சொன்னேனே, அது இங்கே தெரிகிறது. தெரியாததை நிரப்பிச் சொல்லவில்லை. கிடைத்த நான்கைந்து துண்டுகளை அப்படியே வைத்துவிடுகிறார்.

அதன் பிறகு பெரும் வெளிச்சமும் வந்தது. 'கால் மீ பை யுவர் நேம்' படத்தின் பாட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை, 2018 மார்ச்சில் அந்த மேடையில் இளஞ்சிவப்புக் கோட்டோடு நின்று பாடியது, பரிசு 'கோகோ' படப் பாட்டுக்குப் போனது. 2020இல் அப்பா இறந்தார். அவருக்காக 2021இல் ஐந்து பகுதிகளாக, சொற்களே இல்லாமல், இரண்டரை மணி நேர இசை. அதில் ஒரு பகுதியின் பெயர் புலம்பல்கள்.

2023 எல்லாவற்றையும் மாற்றியது. ஒரு நாள் காலை எழுந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. கையும் காலும் மரத்துப்போயின. கியான் பாரே சிண்ட்ரோம் என்று கண்டுபிடித்தார்கள். 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு வந்து செய்திகளில் அடிபட்டதே, அதே ஜி.பி.எஸ். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும். பலவீனம் பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத் தசைகள்வரை போய்விட்டால் வென்டிலேட்டர்தான். இந்த நோயாளிகளை நான் கவனித்திருக்கிறேன். ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று எண்ணச் சொல்வோம். முந்தின ஷிஃப்டில் இருபதுவரை போனவர் பன்னிரண்டில் நின்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். பாஞ்சோ வாசிக்கும் விரல்களும் மெல்லப் பாடும் மூச்சும் மட்டுமே சொத்தாக உள்ள ஒருவருக்கு இது என்ன நோய் என்று யோசித்துப் பாருங்கள். இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பு வழியாக ஐந்து நாள் ஏற்றினார்கள். செப்டம்பரில் மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போய்த் திரும்ப நடக்கப் பழகத் தொடங்கினார்.

அடுத்த மாதம், அக்டோபர் 6 அன்று, 'ஜாவெலின்' ஆல்பம் வந்தது. அதை அந்த ஏப்ரலில் இறந்துபோன தன் வாழ்க்கைத் துணை எவன்ஸ் ரிச்சர்ட்சனுக்குக் காணிக்கை என்று அன்று எழுதினார். தன் காதல் வாழ்க்கையைப் பற்றி அதுவரை வெளிப்படையாகப் பேசாதவர். அப்படி ஓர் அன்பு கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தார். நம் சபைகளில் இந்த இடத்தில் குரல் தாழ்ந்துவிடும் என்று தெரியும். நான் தாழ்த்த விரும்பவில்லை. துணையை இழந்து, நான்கு மாதத்தில் கால்களையும் இழந்து, அப்போதும் ஜெபத்தின் மொழியிலேயே பாடுகிற ஒருவரின் விசுவாசத்தை அளக்க என்னிடம் அளவுகோல் இல்லை.

2024இல் 'இலினாய்' ஆல்பம் நாட்டிய நாடகமாகப் பிராட்வே போய், நடன அமைப்புக்காக டோனி விருது வாங்கியது. 2025இல் 'கேரி அண்ட் லோவெல்' ஆல்பத்துக்குப் பத்தாண்டுப் பதிப்பு வந்தது. இப்படிப்பட்ட சமயத்தில் கலைஞர்கள் பழைய வேலையைப் புகழ்ந்துகொள்வார்கள். இவரோ அந்த ஆல்பத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது என்றார். அம்மாவின் சாவைப் பாட்டால் புரிந்துகொள்ள முயன்றது தோல்வி என்ற பொருளில் பேசினார். அம்மாவின் வாழ்வின்மீதோ சாவின்மீதோ தனக்கு அதிகாரம் ஏதுமில்லை என்றும் சொன்னார்.

இது என்னை உலுக்கிய பேச்சு. நர்ஸிங் டிப்ளமோவில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று, வார்டில் பார்த்தது வார்டோடு போக வேண்டும் என்பது. பெயர், நோய், கடைசியாகச் சொன்ன வார்த்தை, எதுவும் நம்முடையதல்ல. நான் கதையும் எழுதுகிறேன். கட்டிலில் கிடக்கிறவரிடம் அனுமதி கேட்காமல் எழுதும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி என் மேசையில் எப்போதும் இருக்கிறது. இறந்தவர்களிடம் கேட்கவும் முடியாது.

ஆனாலும் சூஃப்யானோடு இந்த விஷயத்தில் நான் ஒத்துப்போகவில்லை. அவர் பாடியது கேரியின் கதையை அல்ல. கேரியின் வியாதிக்குப் பெயர் வைத்து, காரணம் கண்டுபிடித்து, மன்னிப்பு வழங்கி முடித்திருந்தால் அது அத்துமீறல். அவர் பாடியது வீடியோ கடையில் நின்ற குழந்தையின் பக்கத்தை மட்டும். அந்தப் பக்கம் அவருடையதுதான். பாட்டு துக்கத்தைத் தீர்க்கவில்லை என்கிறார். தீர்க்கும் என்று அதைக் கேட்ட நாங்களும் நினைக்கவில்லை.

எந்தப் பாட்டில் தொடங்குவது என்று கேட்பீர்கள். 'காசிமிர் புலாஸ்கி டே'யில் தொடங்குங்கள், ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதன் பிறகு அம்மாவும் மகனும் சாவுக்கட்டிலில் பேசிக்கொள்வதுபோல் அமைந்த 'ஃபோர்த் ஆஃப் ஜூலை'. அதைக் காரில் போகும்போது கேட்காதீர்கள். வீட்டில், ஹெட்ஃபோனில் கேளுங்கள். உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.