கட்டும் மீட்பும்: பேராக் தோட்டங்களில் ஒரு சொல் வரலாறு

'பாவம்' வடமொழிப் 'பாப'த்தின் வழிவந்த சொல். 'பாவி' என்னும் வடிவம் திருக்குறளிலேயே இடம்பெற்றுவிட்டது. தீமை மனிதனைப் பிணிக்கும் என்னும் கருத்தைத் தமிழ் வேறு சொற்களாலும் உணர்த்தி வந்துள்ளது. உயிரைக் கட்டுவதைச் சைவ சித்தாந்தம் 'பாசம்' என்றது. அச்சொல்லின் அடிப்படைப் பொருள் கயிறு.

கிறித்தவ மறையைத் தமிழாக்கியோர் இச்சொல்வளத்தின் நடுவிலேயே பணியாற்றினர். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, 1714-15இல் புதிய ஏற்பாட்டை அங்கு அச்சிட்டார். எபிரேயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரம் பாவத்துக்குத் தரும் கிரேக்க அடைமொழி 'எளிதிற் சுற்றி வளைப்பது' எனப் பொருள்படும். புதிய ஏற்பாட்டில் அச்சொல் ஒரே ஒருமுறைதான் வருகிறது. ஓடுபவனின் காலைச் சுற்றும் பொருளாகப் பாவம் அங்குக் காட்டப்படுகிறது.

இக்கட்டிலிருந்து பெறும் விடுதலைக்குத் தமிழில் இரு சொற்கள் வழங்கின. 'இரட்சிப்பு' காத்தலைக் குறிக்கும் வடசொல்லினின்று வந்தது. 'மீட்பு' என்பதோ 'மீள்' என்னும் வினையடியாகப் பிறந்தது. அடகு நகையை மீட்கும் பேச்சுவழக்கும் அதனைச் சார்ந்ததே. விலை கொடுத்து அடிமையை விடுவித்தலைச் சுட்டிய கிரேக்கச் சொல்லுக்கு இது மிக நெருங்கிய இணை. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'மீட்பு' என்பதையே பெரிதும் ஆள்கிறது.

பேராக்கில் இச்சொற்களைக் கேட்டோர் யாவர்? கிரியான் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரும், பின்னர்க் கங்காணிகள் அழைத்துவந்த பால்மரத் தொழிலாளரும் அவருள் அடங்குவர். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டோடியவருக்குச் சிறைத்தண்டனை இருந்தது. கங்காணி தந்த முன்பணம் கூலியிற் கழிந்தது. எஞ்சியதைக் கள்ளுக்கடை வாங்கிக்கொண்டது. கடன், கட்டு, மீட்பு ஆகியவை அவர்களுக்கு வெறும் உவமைகள் அல்ல, நாள்தோறும் பட்டறிந்தவை. ஈப்போ சிலிபின் லூர்து மாதா ஆலயத்திலும் மெதடிஸ்டு, லுத்தரன் திருச்சபைகளிலும் தமிழில் ஓதப்பட்ட மறைமொழியை இப்பின்னணியில் வைத்தே நாம் படித்தல் வேண்டும்.

இங்கு ஒரு வினா எழுகிறது. மீட்பு ஆன்மாவுக்கு மட்டுமா? ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. உதவிபெற்றுக் குடியேறும் உடலுழைப்பாளரை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடைசெய்தது. எனினும் சட்டம் அவிழ்த்த கட்டோடு கள்ளின் கட்டும் தானே அவிழ்ந்துவிடவில்லை. மறுபுறம், ஞாயிறன்று ஆலயத்தில் குடியைத் துறந்தவரும் மறுநாள் விடியலில் பெரட்டுக்கு நின்றாக வேண்டும். அகக்கட்டை மட்டும் பேசினால் கூலியைக் குறைத்தவர் தப்பித்துக்கொள்வார். புறக்கட்டை மட்டும் பேசினால், தன் பழக்கத்துக்குத் தானே அடிமையாகி 'என்னால் விட முடியவில்லை' என்று அழுதவருக்கு நாம் விடை சொல்லாதவராவோம். நம்பிக்கையாளர் அவ்விடத்தில் பற்றிக்கொண்டது, தம்மால் கொடுக்கவியலாத விலையைப் பிறரொருவர் கொடுத்தார் என்னும் செய்தியை. அடகின் தன்மையை அறிந்தவருக்கு அதனை விளக்கவே தேவையில்லை.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்த முதியோர் செபத்திலும் சாட்சியிலும் ஆண்ட சொற்களை மாணவர்கள் சென்று கேட்டுப் பதிவு செய்தல் நன்று. 'கட்டு' என்று அவர்கள் சொல்லும்போது எக்கட்டைக் குறித்தனர் என்பதையும் உடன் கேட்டெழுதுக.